தாழ்ந்த வாசல்: பெயார்ன் நாட்டின் ககோத் மக்களும் நாமும்



நாம் யாருடைய நினைவாக ஆண்டுதோறும் கூடுகிறோமோ, அவர் நமக்கு விட்டுச்சென்ற பழக்கம் ஒன்று உண்டு. எந்த நாட்டின் வரலாற்றைப் படித்தாலும், அந்த வரலாற்றில் வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று தேடுவது. இந்த ஆண்டு அந்தத் தேடலுக்காக வெகுதூரம் போகிறோம். பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருந்த பெயார்ன் என்ற சின்னஞ்சிறு நாட்டுக்கு.

உரிமைகளின் நாடு

தென் பிரான்சில் பல நூற்றாண்டுகள் பேசப்பட்ட மொழி ஒக்சிதான். 'ஆம்' என்பதற்கு 'ஓக்' என்று சொல்லும் மொழி என்று அதை அடையாளப்படுத்தியவர் இத்தாலியக் கவி தாந்தே. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் கேட்ட துருபதூர் பாடல்கள் இந்த மொழியில் பிறந்தவை. இதன் காஸ்கன் கிளையைப் பேசியவர்கள் பெயார்ன் மக்கள்.

அவர்களுடைய வரலாற்றுப் பெருமைக்குக் காரணங்கள் உண்டு. 'ஃபோர்' என்ற சொந்தச் சட்டத் தொகுப்பு அவர்களுக்கு இருந்தது. பட்டத்துக்கு வருகிற ஆட்சியாளர் முதலில் அதை மதிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். 1347இல் அவர்களுடைய தலைவர் காஸ்தோன் ஃபேபுஸ், இந்த மண்ணைக் கடவுளிடமிருந்து பெற்றேனே தவிர எந்த அரசனிடமிருந்தும் பெறவில்லை என்று பிரெஞ்சு அரசனுக்கு விடை சொன்னார். 1620இல் பதின்மூன்றாம் லூயி அந்நாட்டைப் பிரான்சோடு இணைத்த பிறகும், அதன் பேரவை தாய்மொழியை விட்டுவிடவில்லை.

பிறகு நடந்ததும் நமக்குப் புரியக்கூடியதுதான். புரட்சி அரசுக்கு 1794இல் கிரெகுவார் பாதிரியார் கொடுத்த அறிக்கை, வட்டார மொழிகளை ஒழித்து பிரெஞ்சைப் பொதுமொழியாக்க வேண்டும் என்றது. அதன்பின் வந்த பள்ளிக்கூடங்களில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அவமான அடையாளம் மாட்டினார்கள். ஆக, ஒக்சிதான் மக்கள் தங்களை ஒடுக்கப்பட்ட மொழியினர் என்று சொல்லிக்கொள்வதில் உண்மை இருக்கிறது. நாம் அதை மறுக்கவில்லை.

ஆனால் அதே பெயார்னில், அதே மொழி பேசி, அதே கடவுளை வணங்கி, அதே நிறத்தில் இருந்த ஒரு கூட்டம் ஊருக்கு வெளியே வாழ்ந்தது. உரிமைகளுக்காகப் புகழ்பெற்ற அந்தச் சட்டத்தில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஏழு பேரின் சாட்சி மற்றவர் ஒருவரின் சாட்சிக்குச் சமம். அவர்களுக்குப் பெயர் ககோத்.

ஊரும் சேரியும்

பழைய ஆவணங்களில் அவர்களுடைய பெயர் 'கிறெஸ்தியான்'. கிறிஸ்தவர் என்றுதான் பொருள். எல்லோரும் கிறிஸ்தவராக இருந்த நாட்டில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் அந்தப் பெயர். பெயரைப் புனிதமாக்கிவிட்டு வாசலை மூடிவைக்கும் தந்திரம் நமக்கும் பழக்கமானதே. 'ஹரிஜன்' என்ற சொல்லை நாம் ஏன் நிராகரித்தோம் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. 'ககோத்' என்ற பெயர் பிற்பாடு பரவியது. காஸ்கனியின் வேறு பகுதிகளில் 'கஹேத்', 'கப்போத்' என்றும், எல்லைக்கு அப்பால் நவாரில் 'அகோத்தே' என்றும் அழைத்தார்கள்.

அவர்களுடைய குடியிருப்பு ஊரிலிருந்து விலகி, பெரும்பாலும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாசல். பல இடங்களில் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்தது. தீர்த்தத் தொட்டியும் தனி. பிகோர் பகுதியின் சேன்-சவேன் ஆலயத்தில் ககோத்துகளின் தொட்டி என்று காட்டப்படும் கல்தொட்டியை இன்றும் பார்க்கலாம். நற்கருணை அப்பத்தை நீண்ட கோலின் நுனியில் வைத்து நீட்டினார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். இறந்தால் தனிக் கல்லறை. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் 'ககோத்' என்ற சொல். சந்தையில் உணவுப் பண்டத்தைத் தொடக் கூடாது. உழவு அவர்களுக்கு இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள் மட்டுமே.

1460இல் பெயார்ன் பேரவை தன் இளவரசரிடம் ஒரு கோரிக்கை வைத்தது: ககோத்துகள் தெருவில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வாத்துக்கால் வடிவச் சின்னத்தை உடையில் அணிய வேண்டும். வெறுங்கால் பட்டால் தெருவுக்கு நோய் ஒட்டுமாம். இதைப் படித்தபோது நாம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். நம் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்காதே என்றார்கள். அங்கே செருப்பில்லாமல் நடக்காதே என்றார்கள். தீட்டின் விதி இடத்துக்கு இடம் தலைகீழாக மாறலாம். யார் விதிக்கிறார், யார் கீழ்ப்படிகிறார் என்பது மட்டும் மாறுவதில்லை.

அவர்களுக்கு விடப்பட்ட தொழில் மரவேலை. தச்சு, பீப்பாய் செய்தல், கயிறு திரித்தல். தூக்குமரமும் சவப்பெட்டியும் அவர்கள் கையால்தான். ஆனால் அதே கைகள்தான் அந்நாட்டின் கூரைகளையும் தூக்கி நிறுத்தின. 1379இல் காஸ்தோன் ஃபேபுஸ் மோந்தனேர் கோட்டையின் தச்சுவேலைக்கு இந்தக் கிறெஸ்தியான்களோடுதான் ஒப்பந்தம் செய்தார். பதிலுக்கு வரிச்சலுகை கொடுத்தார். அவருக்கு அவர்களுடைய திறமை வேண்டியிருந்தது. அவர்கள் உத்தரம் ஏற்றிய ஆலயத்துக்குள் பெரிய வாசல் வழியாக அவர்கள் வருவது மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பிறப்புக்குக் கட்டிய கதைகள்

அவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுதோறும் ஒரு விடை சொன்னார்கள். தோற்றுப்போன கோத் இனத்தின் மிச்சம் என்றார்கள். பிரான்சில் தங்கிவிட்ட முஸ்லிம் படையினரின் வாரிசுகள் என்றார்கள். பழைய தொழுநோயாளிகளின் பிள்ளைகள் என்றார்கள். ஏசுவின் சிலுவையைச் செய்த தச்சரின் வம்சம் என்றும் சொன்னார்கள்.

இந்தக் கதைகள் நீதிமன்றம் வரை வந்தன. 1514இல் நவாரின் அகோத்தேகள் போப் பத்தாம் லியோவுக்கு மனு அனுப்பினார்கள். திருச்சபையை எதிர்த்த துலூஸ் பிரபு ரெமோனுக்குத் துணைநின்ற ஆல்பிஜென்சியரின் வழிவந்தவர்கள் நாங்கள். அந்தக் குற்றம் முன்னோரோடு முடிந்துவிட்டது. எங்களை ஏன் இன்னும் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டார்கள். ஒதுக்குகிறவர்களின் தர்க்கத்துக்குள் நின்றபடியே விடுதலை கேட்ட மனு அது. எதிர்த்தரப்பு வேறொரு கதையை எடுத்தது: இவர்கள் பழைய ஏற்பாட்டின் கேயாசியின் வம்சம்; நாகமானிடம் பொய் சொல்லிப் பரிசு வாங்கியதற்காக எலிசா தீர்க்கதரிசியால் தொழுநோய்ச் சாபம் பெற்றவனின் பிள்ளைகள்; வெளியே தெரியாவிட்டாலும் நோய் உள்ளே இருக்கிறது.

உள்ளே இருக்கிறதா என்று ஒருநாள் பார்த்தேவிட்டார்கள். 1600இல் துலூஸில் மருத்துவர்கள் 22 ககோத்துகளை இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். நோய் எதுவும் இல்லை, மற்றவர்களைப் போன்ற உடம்புதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் தாழ்ந்த வாசல் அப்படியே இருந்தது. இரத்தத்தைப் பரிசோதித்து ஒழித்துவிடக்கூடிய நோயாக அது இருக்கவில்லை.

மாணவ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறமும் மொழியும் மதமும் வேறுபடாத ஓர் இடத்தில், ஒதுக்கல் என்ற நடைமுறை ஒரு தனிக் கூட்டத்தையே படைத்துவிட்டது. பிறகு அந்தக் கூட்டத்துக்கு ஒரு பிறப்புக்கதையைத் தேடிக்கொண்டது. சாதியின் உயிர்நிலை அகமணத்தில் இருக்கிறது என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் பாபாசாகேப் சொன்னார். பெயார்ன் ஊர்களின் திருமணப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு அதற்கு இன்னொரு சான்று கிடைக்கும்.

ஆணைகள் வந்தன

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1515இல் போப் இவர்களை மற்ற விசுவாசிகளைப் போலவே அன்போடு நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். நவாரில் அந்த ஆணையைச் செயல்படுத்தவிடாமல் இழுத்தடித்தார்கள். பாகுபாட்டை ஒழிக்க நவார் பேரவை சட்டம் இயற்றியது 1817இல். இடையில் முந்நூறு ஆண்டுகள்.

பெயார்னில் 1683இல் பதினான்காம் லூயியின் விடுதலைக் கடிதம் வந்தது. அதற்கும் ககோத்துகள் பணம் கட்ட வேண்டியிருந்தது. தங்கள்மீது ஏற்றப்பட்ட இழிவை அவர்களே விலை கொடுத்து இறக்கிக்கொள்ள வேண்டும். 1723இல் போர்தோ நீதிமன்றம், ஒருவரைக் கேயாசி வம்சம் என்றோ ககோத், கஹேத் என்றோ இழித்துரைப்போருக்கு 500 லிவ்ரு அபராதம் என்று தீர்ப்பளித்தது. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 266 ஆண்டுகளுக்கு முன்னால்!

இந்த ஆணைகள் எங்கிருந்து வந்தன என்றும் பார்க்க வேண்டும். ரோமிலிருந்து, பாரிசிலிருந்து, போர்தோவிலிருந்து. தடை எங்கிருந்து வந்தது? சொந்த ஊர்ப் பங்கிலிருந்து, சொந்த மொழியில். மையத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற அதே உள்ளூர்ச் சுதந்திரம், ககோத்தின் பக்கம் திரும்பும்போது ஆதிக்கமாக இருந்தது. அரசன் நல்லவன் என்பது இதன் பொருள் ஆகாது. அவனுக்கு வேண்டியது பணம். ஆனால் தாய்மொழியும் தாய்நாடும் எல்லோருக்கும் ஒரே தாயாக இருந்ததில்லை என்பதை ஒக்சிதான் வரலாறு எழுதுகிறவர்கள் ஏற்க வேண்டும். தமிழ் வரலாறு எழுதுகிறவர்களும்தான்.

இந்த மண்ணுக்கும் நமக்கும் நேரடித் தொடர்பும் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன், துலூஸ் மாகாணச் சேசு சபையாரின் பொறுப்பில் இருந்தது. ககோத்துகளின் இரத்தத்தைப் பரிசோதித்த அதே துலூஸ். அவர்களுடைய பணித்தளமான வடக்கன்குளத்தில், சாதிகள் தனித்தனியே அமரும்படி இரண்டு கைகளாகப் பிரிந்த கோயில் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் அடிகளார் அந்தப் பிரிவை நீக்கியபோது, ஆதிக்க சாதியார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தாழ்ந்த வாசலை ஐரோப்பாவிலிருந்து யாரும் இங்கே கொண்டுவர வேண்டியிருக்கவில்லை, நம்மிடமே இருந்தது. அதை இடிக்கச் சொல்லும் சமயம் அதற்கு இடமும் கொடுக்கும் என்பதே இரு மண்ணும் சொல்லும் செய்தி.

பெயரை அழிப்பதும் எழுதுவதும்

கடைசியாக, ஓர் இலக்கிய அமைப்பு என்ற முறையில் நம்மை உறுத்துகிற கேள்விக்கு வருகிறோம். ககோத்துகள் எங்கே போனார்கள்?

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவர்கள் பதிவேடுகளைக் கைப்பற்றி எரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு சொல்லைச் சாம்பலாக்க. பிறகு ஊர் மாறினார்கள், தொழில் மாறினார்கள், வெளியே மணம் செய்தார்கள். மெல்ல மெல்லக் கரைந்துபோனார்கள். இன்று தன்னைக் ககோத் என்று சொல்லிக்கொள்பவர் அரிது.

ஆனால் பதிவேடு எரிந்த பிறகும் பாட்டு எரியவில்லை. ககோத் குடும்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கேலிசெய்யும் பாடல்கள் அந்த வட்டார மொழியில் உலவின. 1847இல் ஃபிரான்சிஸ்க் மிஷேல் என்ற அறிஞர், பிரான்சிலும் ஸ்பெயினிலும் சபிக்கப்பட்ட இனங்கள் என்று கருதப்பட்டோரின் வரலாற்றை எழுதியபோது அத்தகைய பாடல்களையும் தொகுத்தார். துருபதூர்களைத் தந்த அதே மொழியில், சாதியின் பட்டியலை மனப்பாடமாகக் காத்துவைத்ததும் பாட்டுதான். வாய்மொழி மரபு என்றாலே அது மக்கள் பக்கம் என்று கொண்டாடும் நம் ஆய்வாளர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மறுபக்கத்தில் என்ன இருக்கிறது? மிஷேல் அவர்களைப் பற்றி எழுதினார். 1855இல் ஆங்கில நாவலாசிரியர் எலிசபெத் கேஸ்கெல் அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மருத்துவர்கள் எழுதினார்கள், பாதிரிகள் எழுதினார்கள், வழக்கறிஞர்கள் எழுதினார்கள். ககோத்துகளின் தரப்பில் நமக்குக் கிடைப்பவை மனுக்களும் ஒப்பந்தங்களும் மட்டுமே. அந்தத் தாழ்ந்த வாசலில் குனிந்தபோது கழுத்து எப்படி வலித்தது என்று ஒரு ககோத் பெண் எழுதிய பக்கம் நம் கைக்கு வரவில்லை. பிரெஞ்சில் 'ககோ' என்ற சொல் போலிப் பக்திமான் என்ற வசையாகவும் வழங்குகிறது. அந்த மக்கள் கரைந்துவிட்டார்கள். சொல் மட்டும் வசையாக மிஞ்சியிருக்கிறது.

பதிவேட்டை எரித்தவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்கவும் வாடகைக்கு வீடு கிடைக்கவும் ஊர்ப்பெயரை மறைக்கிற தோழர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அது கோழைத்தனம் என்று சொல்பவர், அந்த வீட்டு வாசலில் நின்று பார்க்காதவர். ஆனால் மறைந்து தப்புகிற வழிக்கு ஒரு விலை இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர் மறைந்துவிட்டால், ஒதுக்கியவரின் குற்றமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெயார்னின் உரிமைப் பெருமை களங்கமின்றிப் பாடப்புத்தகத்துக்குப் போய்விடும்.

அங்கேயும் இப்போது மெல்ல அந்தப் பெயரைத் திரும்பச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மலைப்பகுதியின் அரோ என்ற சிற்றூரில் ககோத்துகளுக்கென ஒரு காட்சியகம் இருக்கிறது. நவாரின் அரிஸ்குன் ஊரை ஒட்டிய போசாத்தே என்ற அகோத்தே குடியிருப்பில், அந்த மண்ணில் பிறந்த சிற்பி ஷபியேர் சாந்த்சோத்தேனா தன் முன்னோருக்காக ஒரு சிற்பத் தோட்டத்தை உருவாக்கியிருக்கிறார். மரத்தைத் தவிர வேறெதையும் தொடவிடாத கைகளின் வாரிசு செய்த வேலை அது.

நாம் வேறு வழியைத் தேர்ந்தோம். வசைச்சொல்லாக எறியப்பட்டதை அட்டையில் அச்சிட்டு, கீழே நம் பெயரையும் போட்டோம். தன்வரலாறு எழுதினோம், கவிதை எழுதினோம், இதழ் நடத்தினோம். அஞ்சல்தலை வாங்கக் காசில்லாத நாட்களிலும் நடத்தினோம். அதில் என்ன பயன் என்று கேட்கிற மாணவருக்கு, எழுதாமல்விட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பெயார்ன் நாடு சொல்லும்.

ஆகவே நினைவுநாளின் வேலையாக ஒன்றைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறோம். உங்கள் ஊரில் எந்தக் கோயிலில் எந்த வாசல், எந்தக் கல்லறையில் எந்தச் சுவர், எந்தக் கடையில் எந்தக் குவளை என்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு, தேதியோடு, ஊர்ப்பெயரோடு எழுதிவையுங்கள். யார் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜெய்பீம்.