கத்தியை வைத்துவிட்டுக் கிளம்புமுன்

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதற்காரியம் என்ன? பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாமன் வீட்டுக்குப் பஸ் ஏறுவது. போனால் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிக்கை. மாமன் வீடும் வேண்டியதுதான். ஆனால் அதற்குமுன் தோட்டத்து ஆபீஸ் வாசலில் முடிக்கவேண்டிய காரியங்கள் இருக்கின்றன.

இந்த அவதி நமக்குப் புதிதல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் பல, வாங்கியவர்களால் துண்டு துண்டாக்கப்பட்டன. 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து எழுதினார். பின்பு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் பெர்மிட் இன்றி வேலை செய்யக்கூடாது என்றது. பால் வெட்டிய கை அதே கை, மரமும் அதே மரம். கார்டு மட்டும் சிவப்பு. சுமார் 60,000 பேர் கப்பலேறினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிரஜா உரிமைக்குத் தகுதியுள்ளவர்கள்; பாரம் நிரப்ப ஆளில்லாமலும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும் இருந்துவிட்டவர்கள்!

ஆகவே முதலில் அடையாளக் கார்டையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? பிள்ளைகளுடையதையும் பாருங்கள்.

அடுத்தது வேலைநீக்கக் கடிதம். நம் தோழர் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். "நாளையிலிருந்து வேலையில்லை" என்று வாயால் சொன்னதைக் கேட்டு வெறுங்கையோடு போய்விட்டார். மூன்று மாதம் கழித்து நம்மிடம் வந்தார். சொக்சோவின் வேலைக் காப்புறுதிக்கு, வேலை போன 60 நாட்களுக்குள் மனுச் செய்யவேண்டும். 2018 முதல் நடப்பிலுள்ள திட்டம் அது. அவருக்கோ நாளும் போயிற்று, கையில் கடிதமும் இல்லை. அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோது நமக்கு வாயெழவில்லை.

தேதியும் காரணமும் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு 8 வார நோட்டீஸ் உண்டு; ஆட்குறைப்பானால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம் நஷ்டஈடும் உண்டு. சம்பளச் சிலிப்புகளையும் சேமநிதிக் கணக்கையும் ஒத்துப் பாருங்கள். செக்ரோல் எழுதிய கிராணிமார் இதில் உதவவேண்டும். அவர்களும் நாளை இதே வரிசையில் நிற்கப் போகிறவர்கள்தானே?

இனி வேலைக்கு வருவோம். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் "பால் வெட்டத்தான் தெரியும்" என்று தலைகுனிய வேண்டாம். விடியுமுன் எழுந்து, மேற்பார்வையின்றி ஐந்நூறு அறுநூறு மரத்தைப் பட்டை காயப்படாமல் வெட்டி, பாலை நிறுத்துக் கணக்குக் கொடுத்தவர் நீங்கள். ஸ்டோரில் ஆசிட்டும் அமோனியாவும் கையாண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நேரந்தவறாத ஆளைத்தான் தொழிற்சாலை தேடுகிறது. இன்றைய ஷா ஆலமே சுங்கை ரெங்காம் ரப்பர் தோட்டமாக இருந்த இடந்தான்.

முதலில் ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். 1,700 வெள்ளிதான் 2025-இல் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம். இரண்டு பஸ் மாறினால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று வீட்டு அம்மாவைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். சொந்தக்காரரிடம் "வேலை இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். "உங்கள் பேக்டரியில் ஆள் எடுப்பது யார்? அவரை எந்த நாளில் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். ஏஜெண்ட் எவனாவது முன்பணம் கேட்டால், அசல் கார்டைக் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

சொக்சோவின் வேலைப் பதிவு இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். பிள்ளை இல்லாதவர்கள் வருகிற ஞாயிறு காலை கார்டு, சிலிப்பு, கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். கிராணிமார் இருவர் பதிந்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.