காணாத நண்பனுக்கு ஓர் இடம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘உருவும் உள்ளமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். புறத்தோற்றத்தைக் கண்டு மயங்காமல் அகப்பண்பை மதிக்க வேண்டும் என்றால் அதை மறுப்பவர் எவருமிலர். எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம், ஆயினும் நடைமுறையில் தவறிவிடுகிறோம். அதற்குக் காரணம் நம் நெஞ்சின் தீமை மட்டுமன்று. உருவம் ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. உள்ளமோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை. காணமுடியாத ஒன்றை எப்படி மதிப்பது? இந்த வினாவுக்கு நம் முன்னோர் என்ன விடை வைத்திருக்கிறார்கள் என்பதைச் சற்றே நோக்குவோம்.

வள்ளுவப் பெருந்தகை இப்பொருளை ஓரிடத்தோடு விட்டுவிடவில்லை. வினைத்திட்பம் என்னும் 67ஆம் அதிகாரத்தில், பெரிய தேர் உருண்டோடச் சிறிய அச்சாணி துணைநிற்பதைக் காட்டி, வடிவத்தைக் கொண்டு எவரையும் இகழலாகாது என்கிறார். இது எளியவர்க்கு ஆறுதல் தரும் கருத்து. ஆனால் கூடாவொழுக்கம் என்னும் 28ஆம் அதிகாரத்தில் அவரே நம்மை எச்சரிக்கவும் செய்கிறார். புறத்தே குன்றிமணி போல் சிவந்து, அகத்தே அதன் மூக்குப் போல் கறுத்திருப்போரும் உலகில் உண்டு என்கிறார். அங்கே அவர் சுட்டுவது பட்டாடை உடுத்தவரை அன்று, துறவுக்கோலம் பூண்டவரை! ஆடம்பரம் மட்டுமே வேடம் என்று எண்ணிவிடக் கூடாது, எளிமையும் வேடமாகலாம். கந்தலைக் கண்டதும் அதனுள் ஒரு மாணிக்கம் இருப்பதாக முடிவுகட்டுவதும், உருவத்தைக் கொண்டு மதிப்பிடுவதேயாகும்.

அப்படியானால் உரைகல் எது? அதே அதிகாரத்தில் அம்பையும் யாழையும் அவர் அருகருகே வைக்கிறார். அம்பு நேரானது, உயிரைப் பறிக்கிறது. யாழின் கோடு வளைந்தது, இசையைத் தருகிறது. இரண்டையும் அவற்றின் செயலால் அறிந்துகொள்க என்பது அவர் முடிவு. 51ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதலிலும், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று மீண்டும் உறுதிப்படுத்துகிறார். உள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செயலில் வந்து பதிந்துவிடும். நாம் பார்க்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

இதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைவிடச் சிறந்த விளக்கத்தை நான் கண்டதில்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவலுள்ள மாளிகையில் அழகுடன் இருந்தன. ஔவையார் அவற்றைப் பழிக்கவில்லை. எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னார். பளபளப்பு, பயன்படாமையின் அடையாளம். முறிவு, போர்க்களம் கண்டதன் சான்று. தோற்றத்தைப் பார்ப்பதில் குற்றமில்லை. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உழைத்தவர் கையில் உள்ள காய்ப்பும், பலமுறை துவைத்துச் சாயம்போன சட்டையும், படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்துகளே.

ஆனால் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாம் கற்ற நூல்களையெல்லாம் ஐயர் அடுக்கிச் சொல்லியும் வியப்புக் காட்டாமல், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இளம் புலவரின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பதை நாம் உணரலாம். ‘செருக்குடையவர்’ என்று முடிவுகட்டி அவர் மறுபடி அவ்வீட்டுப் படியேறாமல் இருந்திருக்கலாம். அவரோ மீண்டும் சென்றார். அந்தப் பராமுகத்துக்குப் பின்னே தமிழின்மேல் இருந்த தணியாத தாகத்தைக் கண்டார். அந்தத் தொடர்பின் வழியேதான் சீவக சிந்தாமணி அவர் கைக்கு வந்தது; 1887இல் அச்சேறியது. சற்றுமுன் நாம் பேசிய புறநானூற்றையும் 1894இல் அவரே பதிப்பித்துத் தந்தார். முதற்சந்திப்பின் முகத்தோற்றத்தை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாத ஒருவரின் பெருந்தன்மைக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

இனி, கண்ணின் துணையே இல்லாமல் உள்ளத்தை அறிந்த இருவரைப் பார்ப்போம். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிநாட்டில் பிசிராந்தையார். ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை. கேள்வியினாலேயே நட்பு வளர்ந்தது. தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்த சோழன் வடக்கிருக்கத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள் என்றான். உங்களைக் கண்டிராதவர் வருவது அரிது என்று உடனிருந்தோர் ஐயுற்றனர். மன்னன் ஐயுறவில்லை. அவர் வந்தார், அவ்விடத்தில் அமர்ந்தார். நட்புக்குச் சேர்ந்து பழகுதல் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். பாரதிதாசன் இந்நட்பை நாடகமாக்கினார். அவர் மறைவுக்குப் பின் 1969இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வழங்கப்பெற்றது.

காணாமல் மதிப்பதற்கு இது சான்று. காணாமலே அவமதிப்பதற்கும் அதே தொகைநூலில் ஒரு பாட்டு உண்டு. பெருஞ்சித்திரனார் அதியமானைக் காணக் குன்றும் மலையும் பல கடந்து சென்றார். அவன் அவரைப் பாராமலே பரிசிலை அனுப்பினான். அவர் அதை ஏற்கவில்லை. தாம் பொருளுக்காகவே வந்த வாணிகப் புலவர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவு பரிசிலும் இனிதே என்றும் உரைத்துவிட்டார். இது 208ஆம் பாட்டு. ஔவையார் போற்றிய அதே அதியமானுக்கும் இப்படி ஒரு நாள் நேர்ந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நல்லவரும் தவறக்கூடிய இடம் இது.

அவையோரே, நானும் தவறியிருக்கிறேன். இதைச் சொல்லாமல் என் உரையை முடித்தால், நானும் மயிற்பீலி சூட்டிய வேலைக் காட்டியவனாவேன். நம் வட்டம் தொடங்கிய முதலிரண்டு ஆண்டுகளில், மாதக் கூட்டத்தின் வாயிலில் வருகைப் பதிவேட்டுடன் அமரும் பணி எனக்கு இருந்தது. ஒரு ஞாயிறு மாலை, எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையுடன் ஒருவர் படியேறி வந்தார். அன்று அடுத்த கூடத்தில் ஒரு திருமண வரவேற்பு. நான் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, “சமையல் ஆட்கள் பின்பக்க வழியாகப் போக வேண்டும்” என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் அந்தத் தாளின் நினைவு எனக்கு வந்தது. அன்று கவியரங்க நாள். தெருவரை ஓடிச் சென்று தேடினேன், காணவில்லை. அவர் பிறகு வரவே இல்லை.

அவர் பெருங்கவிஞர் என்று சொல்லி இந்தக் கதையை நான் முடிக்க முடியாது. அத்தாளில் இருந்தது கவிதைதானா என்பதே எனக்குத் தெரியாது. கவிதையாயின், அது மிகச் சாதாரணமானதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்வதற்கு மட்டுமே எனக்கு உரிமை இருந்தது. கேட்குமுன் சொல்வதற்கு இல்லை. அவர் சமையற்காரராகவே இருந்திருந்தாலும் என் சொல் நல்ல சொல் அன்று. எனக்கு முன்னே உரைகல் இருந்தது. உரைத்துப் பார்க்கும் முன்பே நான் விலை சொல்லிவிட்டேன்.

கவிதைக்கும் இதுவே பொருந்தும். யாப்பின் அணிகலன்களைக் கண்டவுடன் தலைவணங்குவோரும் உளர். அவை இல்லாததைக் கண்டவுடன் புதுமை என்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் பார்ப்பது கவிதையின் உடையைத்தான். மரபாயினும் புதுக்கவிதையாயினும், அதனுள்ளே ஒரு பட்டறிவு நின்று பேசுகிறதா என்பதே கேள்வி. பெயருக்கு முன்னால் உள்ள பட்டங்களின் நீளத்தைக் கொண்டு கவியரங்கில் வரிசை அமைக்கிறோம். வீட்டு வேலைகளை முடித்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு முன் ஒரு கவிதை படித்துவிட வேண்டும் என்று வரும் பெண்மணிக்கு இறுதியில் இரண்டு நிமிடம் தருகிறோம். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் ஒரு பகுதியை அந்த இரண்டு நிமிடத்தோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன?

ஓர் இலக்கிய வட்டத்தின் பணி நூல் வெளியிடுவது மட்டுமன்று. ஒருவரை முழுதாகக் கேட்கும் பொறுமையை உறுப்பினர்க்குப் பழக்குவதும் அதன் பணியே. பத்தாண்டு நிறைவில் நான் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் முன்வரிசையில் ஒரு நாற்காலியை எவர் பெயருக்கும் உரியதாக்காமல் விட்டுவைப்போம். முதன்முறையாகப் படியேறி வருபவர், எக்கோலத்தில் வந்தாலும், அதில் அமரட்டும். அன்றைய கவியரங்கில் முதற்கவிதை அவருடையதாகட்டும். கேட்டபின், நன்றாயின் நன்றென்போம்; குறையாயின் குறையென்போம்.

கண்டிராத நண்பனுக்காகச் சோழன் ஓர் இடம் வைத்திருந்தான். நாமும் வைத்திருப்போம். வாயிலில் பதிவேட்டுடன் அமரும் பணியை அடுத்த ஆண்டும் எனக்கே தருமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.