இழந்ததை மீட்கும் ஆசை

கிளமெண்டி அடுக்குமாடிகளிலும் நம் தோட்டங்களிலும் ‘நாலு நம்பர்’ எடுப்போர் உளர். 0000 முதல் 9999 வரை எண்கள் பத்தாயிரம். சிங்கப்பூர்க் குலுக்கலில் பரிசுகள் 23 மட்டுமே. இதனை அறிந்தும், இழந்தவர் மறுமுறை இருமடங்கு கட்டுவது ஏன்?

நூறு வெள்ளி பெறும் மகிழ்ச்சியைவிட நூறு வெள்ளி இழக்கும் வேதனை பெரிது. அவ்வேதனையே நம்மை மேலும் ஆபத்தில் இறக்குகிறது. கானமன், துவெர்ஸ்கி எனும் உளநூல் அறிஞர் இருவர் 1979இல் இதனை விளக்கினர்.

சிங்கப்பூரில், சூதாட்டக் கூடத்தினுள் தம்மை அனுமதியாதிருக்குமாறு ஒருவர் தாமே விண்ணப்பிக்கலாம். தெளிந்த மனம் கலங்கிய மனத்துக்கு இடும் வேலி அது. நாமும் அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரிய பணத்தைச் சம்பள நாளன்றே ஒதுக்கிவிடுவோம். வெள்ளம் வருமுன் அணை போடுதலே அறிவுடைமை.