நோய் திரும்பும் இடம் காணல்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அன்று முதல் சிற்றூர் மக்கள் பலர் அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்புகின்றனர். வீடு திரும்பியபின் செய்யவேண்டியதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை அகற்றிக்கொண்டவரின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் பொருள் அநேகமாக இல்லாமற் போகவேண்டும். அது மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மேலும் ஏறுமானால், வலி இல்லாவிடினும் நோய் மீண்டதாகக் கொள்வர்.

கடைமடைக்கு வரும் நீர் குறைந்தால், வாய்க்காலில் எங்கோ கசிவு என்று அறிகிறோம். இடம் கண்டால்தானே அடைக்க முடியும்? அவ்வாறே நோயின் இடத்தைக் காட்டுவது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். காலியம்-68 கலந்த மருந்தை ஊசிமூலம் செலுத்த, அது நோயணுக்களைப் பற்றிக்கொண்டு படத்தில் ஒளிர்கிறது. அதன் கதிரியக்கம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். மிகச் சிறிய கட்டி புலப்படாமலும் போகலாம். புலப்பட்டால், அவ்விடத்திற்கு மட்டும் கதிர்ச் சிகிச்சையா, உடல் முழுவதற்கும் மருந்தா என்பதை மருத்துவர் தெளிந்து முடிவு செய்வார். சென்னையில் இவ்வசதி உண்டு.

ஆகவே, நடவு என்றும் அறுவடை என்றும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உறுப்பினர்களே! உங்கள் வார்டில் சிகிச்சை பெற்றவருக்குப் பரிசோதனை நாளை நினைவூட்டுங்கள். துணைக்கு ஓர் ஆளையும் அனுப்புங்கள். இதுவும் பஞ்சாயத்துப் பணியே.