எந்தக் கடையில் மலிவு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் கூட்டத்தில் துவரம் பருப்பையும் எண்ணெயையும் பற்றிப் பேசுகிறார்களே என்று யாரும் நினைக்க வேண்டாம். உழைப்பாளியின் அரசியல் அடுப்பங்கரையில்தான் ஆரம்பமாகிறது. கூலி கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி என்ன? "எந்தக் கடையில் மலிவு?" என்பதுதான். இந்தக் கேள்வியைப் பெண்கள் அன்றாடம் கேட்கிறார்கள். ஆண்களில் பலர் இது பெண்டுகள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க இதில் இடமில்லை. ஆலை வாசலில் போராடிப் பெற்ற கூலி, மளிகைக் கடை வாசலில் பறிபோனால் அந்தப் போராட்டத்தின் பலன் எங்கே?

மலிவான கடை இருக்கிறது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த மலிவு யாருக்குக் கிடைக்கிறது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையில் ரொக்கம் இருப்பவர் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். பற்று நோட்டில் சாமான் வாங்கும் தொழிலாளி கேட்க முடியுமா? போன மாதப் பாக்கி நிற்கிறது. அடுத்த கடையில் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும், பாக்கியைத் தீர்க்காமல் அந்தக் கடைக்குப் போக முடியாது. கடைக்காரர் சொன்னதுதான் விலை, போட்டதுதான் எடை.

அடுத்தது, சில்லறையாக வாங்குவதால் வரும் நஷ்டம். ஒரு கிலோ பருப்பு 160 ரூபாய், 100 கிராம் 18 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்குகிறவருக்குக் கிலோ 160. அன்றாடக் கூலிக்காரர் 100 கிராமாகப் பத்துத் தடவை வாங்கினால் 180. வசதி உள்ளவரைவிட வசதி இல்லாதவர் அதே பருப்புக்கு 20 ரூபாய் அதிகம் தருகிறார். 5 ரூபாய், 10 ரூபாய்ப் பாக்கெட்டுகளில் வரும் தேயிலை, மசாலா, எண்ணெய் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டவுன் மார்க்கெட்டுக்குப் போகலாமே என்பார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது பெரிய உதவிதான். உழவர் சந்தைக்கும் போகலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே காலையில் விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். விளைவித்தவரே விற்கிறார். ஆனால் சந்தை சூடாக நடப்பது விடியற்காலையில். அந்த நேரத்தில் நடவுக்கு இறங்க வேண்டிய பெண்ணும், முதல் ஷிப்டுக்குப் போக வேண்டிய தொழிலாளியும் எப்படிப் போவார்கள்? அரை நாள் கூலியை விட்டுவிட்டு 15 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியுமா?

ஆகவே தோழர்களே, மலிவு விலை என்பது ரொக்கமும் நேரமும் உள்ளவர்களுக்கே எட்டுகிறது. நம்மிடம் இரண்டும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே மலிவைத் தேடி அலைந்தால் கால் தேயுமே தவிர விலை குறையாது. கூட்டாகத் தேடினால்தான் பலன் உண்டு. இன்று நாம் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

இனி விலையை எப்படி ஒப்பிடுவது என்று பார்ப்போம். பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள். எடையைப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் விலையை ஏற்றாமலே விலையை ஏற்றும் வித்தை கற்றவர்கள். பாக்கெட் அதே 10 ரூபாய், அதே வர்ணம். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் குறைந்துவிடும். பிஸ்கட், தேயிலை போன்ற சாமான்களை இன்னின்ன எடையில்தான் கட்ட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றார்கள். அந்த எழுத்து பொடி எழுத்து. படித்த பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு பைசா கேட்டாலும் அது குற்றம். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

அப்படியானால் மளிகைக் கடைக்காரர் நம் எதிரியா? அல்ல. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது கடன் கொடுத்து நம் அடுப்பை எரிய வைப்பவர் பல ஊர்களில் அவர்தான். அவரும் மேலே இருக்கும் மொத்த வியாபாரியிடம் கடன்பட்டவர். அறுவடைக் காலத்தில் விவசாயியிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கி, பிறகு விலையை ஏற்றி விற்கும் பெருமுதலாளிகளே நம் எதிரிகள். அவர்களுக்குக் கடிவாளம் போடத்தான் 1955இல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் வந்தது. 2020இல் மத்திய சர்க்கார் மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டுவந்து, தானியம், பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இருப்புக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பதுக்கலுக்குப் பச்சைக்கொடி காட்டியது என்பதே இதன் அர்த்தம். டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்து போராடினார்கள். 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் வாபஸ் ஆயின. அந்தப் போராட்டம் விவசாயிக்காக மட்டும் நடந்தது அல்ல. நம் வீட்டுப் பருப்புப் பானைக்காகவும் நடந்தது.

வரியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை கட்டி முத்திரையிட்டு விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் வரி போட்டார்கள். உடனே 26 கிலோ அரிசி மூட்டை கடைக்கு வந்தது. 26 கிலோ மூட்டையை மொத்தமாக வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை. 5 கிலோ பை வாங்குகிறவருக்கு வரி உண்டு. கஞ்சிக்கு வரி போட்டாலும் அதிலும் ஏழைக்கே பாரம்!

இந்தச் சந்தைக் காட்டில் நமக்கு இருக்கும் ஒரே நிழல் ரேஷன் கடை. தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கின்றன. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வந்தன. வெளிக்கடையில் பருப்பு 150, எண்ணெய் 125 என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டில் மட்டும் மாதம் 220 ரூபாய் மிச்சம். எந்த மலிவுக் கடையும் இவ்வளவு தராது.

இது யாரும் இரங்கிக் கொடுத்த தர்மமா? இல்லை. அரிசிப் பஞ்சமும் விலையேற்றமும் மக்களைக் கொதிக்க வைத்த காலத்தில், 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்பது தமிழ்நாடெங்கும் ஒலித்தது. ஆட்சி மாறியது. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடும் திட்டம் வந்தது. மக்களின் கோபமே ரேஷன் கடையை நடத்துகிறது. கோபம் தணிந்தால் கடையும் மெலியும். 1997இல் மத்திய சர்க்கார் வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று குடும்பங்களைப் பிரித்துப் பொது விநியோகத்தைச் சுருக்கியது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அட்டை என்ற முறையை விடாமல் வைத்துக்கொண்டோம். ஆனாலும் 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் உரிய காலத்தில் வராமல் ஜனங்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். அந்த மாதம் வெளிக்கடைக்குப் போன பணம் யார் பணம்? உங்கள் கூலி அல்லவா?

விலைக்கும் கூலிக்கும் உள்ள இன்னொரு சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். ஆலைத் தோழர்களுக்குப் பஞ்சப்படி எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? விலைவாசிப் புள்ளியை வைத்து. நாடு முழுவதும் 88 மையங்களில் 317 மார்க்கெட்டுகளில் சில்லறை விலையைக் குறித்து, சர்க்காரின் தொழிலாளர் நல அலுவலகம் மாதந்தோறும் புள்ளி வெளியிடுகிறது. சென்னையும் கோவையும் மதுரையும் அந்த மையங்களில் உண்டு. 2001ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட கணக்கில் உணவுக்கு 100க்கு 46.2 பங்கு இருந்தது. 2016ஐ அடிப்படையாக்கி, 2020 முதல் வெளியிடும் புதிய கணக்கில் அது 39.17 ஆகக் குறைந்தது. உணவின் பங்கைக் குறைத்தால், உணவு விலை ஏறும்போது புள்ளி முன்போல ஏறாது. புள்ளி ஏறாவிட்டால் பஞ்சப்படி ஏறாது. பருப்பு விலையைக் குறித்து வைப்பது உங்கள் சம்பளச் சீட்டைக் காப்பதாகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ இந்தப் பஞ்சப்படியும் கிடையாது. அவருக்கும் வாங்கித் தருவது சங்கத்தின் கடமை.

பம்பாய்த் தொழிலாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். வாழ்க்கைச் செலவுப் புள்ளி உண்மை விலையைக் காட்டவில்லை என்று 1963இல் தொழிற்சங்கங்கள் கிளர்ச்சி செய்தன. மகாராஷ்டிர சர்க்கார் லக்டாவாலா தலைமையில் நிபுணர் குழு போட வேண்டியதாயிற்று. புள்ளி குறைத்துக் காட்டப்பட்டிருப்பதை அந்தக் குழு கண்டது, திருத்தமும் சொன்னது. 1972இல் அதே பம்பாயில் மிருணாள் கோரே, அகல்யா ரங்கனேகர் போன்றோர் தலைமையில் பெண்கள் தட்டும் பூரிக்கட்டையும் ஏந்தி விலையுயர்வை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். அடுப்பங்கரைச் சாமானே ஆயுதமாயிற்று.

விவசாயத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூலியை நெல்லாக அளந்த காலத்தில் படியின் அளவே உங்கள் விலைவாசி. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியும் விலையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்பதை அந்தத் தியாகிகள் உயிரைக் கொடுத்துச் சொன்னார்கள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? நாலு காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, விலைப் பலகை. ஒவ்வொரு கிளைச் சங்கத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். அரிசி, துவரம் பருப்பு, உளுந்து, எண்ணெய், மிளகாய், புளி, சர்க்கரை, வெங்காயம் ஆகிய எட்டுச் சாமான்கள் போதும். நாலு கடை விலையையும் உழவர் சந்தை விலையையும் வாரம் ஒருநாள் எழுதுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்றே எழுத வேண்டும். முறை வைத்து ஆளுக்கொரு வாரம் போய்க் கேட்டால் எல்லோரும் அலைய வேண்டியதில்லை. பழைய கணக்கை அழித்துவிடாமல் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். பஞ்சப்படிப் பேச்சுவார்த்தைக்கு அந்த நோட்டு சாட்சி சொல்லும்.

இரண்டு, ரேஷன் கடைக் காவல். மூன்று பெண்கள் கொண்ட குழு போதும். இருப்புப் பலகையும் விலைப் பலகையும் எழுதப்பட்டுள்ளனவா, எடை சரியா, வேண்டாத சாமானைத் தலையில் கட்டுகிறார்களா என்று பார்க்கட்டும். வாங்காத பொருளை வாங்கியதாக உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வந்தால் சும்மா விடாதீர்கள். 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தனியாகப் போவதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து வட்ட வழங்கல் அலுவலரைப் பார்ப்பது நல்லது. கடை ஊழியரும் குறைந்த சம்பளத்தில் உழலும் தொழிலாளியே. அவரிடம் சண்டை பிடிக்காமல், சரக்கு அனுப்பாதவர்களிடம் கேளுங்கள்.

மூன்று, கூட்டுக் கொள்முதல். 25 குடும்பங்கள் ஆளுக்கு 2 கிலோ பருப்பு என்று சேர்ந்தால் 50 கிலோ மூட்டை ஒன்று. மொத்தக் கடை விலைக்கே கிடைக்கும். இதற்கு வாரம் 20 ரூபாய் சேர்த்து வாருங்கள். வரவு செலவைச் சுவரில் ஒட்டுங்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள் ஆளுக்கொரு பவுன் போட்டு 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு விற்றார்கள். கலப்படம் இல்லை, கள்ள எடை இல்லை, கடனும் இல்லை. லாபத்தை வாங்கியவர்களுக்கே பிரித்தார்கள். சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் பிறந்தது. கூட்டுறவு மட்டும் முதலாளித்துவத்தை வீழ்த்திவிடாது. ஆனால் கடன் நோட்டின் பிடியைத் தளர்த்தும். பிடி தளர்ந்தவனே விலை கேட்க முடியும்.

நாலு, கோரிக்கை. ரேஷனில் பருப்பும் எண்ணெயும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வேண்டும். உளுந்து, மிளகாய், புளியையும் சேர்க்க வேண்டும். உணவுப் பண்டங்களுக்கு வரி கூடாது. பதுக்கல்காரர்களின் கிடங்குகளைச் சோதனை போட வேண்டும். விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்து, நெல்லைச் சர்க்காரே கொள்முதல் நிலையத்தில் தட்டாமல் வாங்க வேண்டும். விளைவிப்பவனுக்கு நியாய விலை, உண்பவனுக்கு மலிவு விலை! இந்த இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்பார்கள். நடுவில் நின்று கொள்ளையடிப்பவனை விலக்கினால் சேரும் என்று பதில் சொல்லுங்கள்.

தோழர்களே! "எந்தக் கடையில் மலிவு?" என்று ஒரு வீடு கேட்டால் அது முணுமுணுப்பு. "ஏன் இந்த விலை?" என்று ஊரே கேட்டால் அது போராட்டம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு கிளையிலும் கரும்பலகை மாட்டியாக வேண்டும். சாக்கட்டி வாங்க 10 ரூபாய் போதும்!