நால்வருள் முதல்வர் யார்?

மாணவர் நால்வர் வெவ்வேறு ஆண்டுகளிலே வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதியிருக்க, அவர்களுள் முதல்வர் யார் எனக் கேட்டால் பரீட்சகர் என்ன செய்வார்? அமெரிக்காவிலே, ஸ்டில்வாட்டர் நகரத்து ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அன்பர்கள் இந்தச் சங்கடத்தைப் பல்லாண்டுகளாக விரும்பிச் சுமந்து வருகின்றனர்.

அவர்களது உதைபந்தாட்டம் நம்முடையதன்று. பந்து முட்டை வடிவினது. உதைப்பதிலும் கையிலேந்தி ஓடுவதே அதிகம். நான்கு முயற்சிகளுள் பத்துக் கஜம் முன்னேறாத அணி பந்தை இழக்கும். எதிரணியின் மனிதச் சுவரைப் பிளந்துகொண்டு பந்தோடு பாய்பவரே ஓட்டக்காரர். நம் நாட்டு றகர் ஆட்டத்தைக் கண்டவர்க்கு இவ்வளவு போதும். ஓட்டக்காரர் கடந்த கஜங்களைக் கூட்டிப் பதிவேட்டில் எழுதுவர். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

தேர்மன் தோமஸ் 1984 முதல் 1987 வரை ஆடியவர். இடையிலே முழங்காலில் அடிபட்டும், நான்காண்டுகளிலே 4,500 கஜங்களுக்கு மேல் ஓடினார். அவருக்குப் பின்னே, முறை வரும்வரை ஈராண்டுகள் காத்திருந்தவர் பரி சான்டர்ஸ். உயரம் ஐந்தடி எட்டங்குலமே. 1988 ஆம் ஆண்டிலே முதன்மை ஓட்டக்காரராகிப் பதினொரு ஆட்டங்களில் 2,628 கஜம் ஓடினார். 37 தடவை எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தார். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதுச் செய்தி அவருக்கு எட்டியபோது, ஓர் ஆட்டத்துக்காக அணியுடன் டோக்கியோவில் இருந்தார். அந்த ஆட்டத்தில் மட்டும் 332 கஜம்!

நாலாண்டு உழைப்புக்கா, ஓராண்டுப் பேரொளிக்கா முதலிடம்? பாடசாலையிலே நான் முன்னவர் பக்கமே சாய்பவன். ஆயினும் இங்கு சான்டர்ஸுக்கே முதலிடம் தருவேன். 2024 இல் பொய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்து அஷ்டன் ஜென்டி, பதினான்கு ஆட்டங்களில் 2,601 கஜம் ஓடியும் அப்பதிவை எட்டவில்லை. அது மட்டுமன்று. பருவ இறுதியில் வயோமிங் அணிக்கெதிராகச் சான்டர்ஸ் ஓடிய 222 கஜங்கள் அக்கணக்கிலே சேரவேயில்லை. இத்தகைய இறுதி ஆட்டங்களைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்பது அக்காலத்து விதி. 2002 இலேதான் அது மாறிற்று. ஜென்டியின் கணக்கிலோ அவ்வாறான ஆட்டமும் அடங்கும். ஒருவர்க்கு ஒரு துலாக்கோல், மற்றவர்க்கு வேறொன்று! தோமஸ் இரண்டாமிடம் பெறுவது அவரது குறையாலன்று.

மூன்றாமிடத்துக்கு உரியவர் பொப் பெனிமோர். அவரை இளைஞர் பலர் அறியார். தாக்குதலிலும் தற்காப்பிலும் அதே ஆட்கள் ஓயாது ஆடிய காலம் அது. 1945 இலே 1,048 கஜம் ஓடி நாடு முழுவதிலும் முதல்வரானார். அவரது அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. போர்க்காலத்து எதிரணிகள் மெலிந்திருந்தன என்று சிலர் குறை கூறுவர். மெலிந்த எதிரணிகள் எல்லார்க்கும் பொதுவாயிருக்க, இவர் ஒருவரே முந்தினார் அல்லவா? அவ்வாண்டின் தேசிய வெற்றியாளர் என அந்த அணியைப் பயிற்றுநர் சங்கம் 2016 இலே ஏற்றுக்கொண்டது. பெனிமோர் 2010 இலேயே காலமாகிவிட்டார்.

நான்காமிடத்தை டெரி மில்லருக்கு எழுதும்போது கை தயங்குகிறது. 1976 இல் தம் அணி எட்டுப் பல்கலைக்கழகப் போட்டியில் கூட்டு முதலிடம் பெறத் தோள் கொடுத்தவர் அவர். 1977 இலே ஹைஸ்மன் வாக்கெடுப்பில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஏர்ள் கம்பெல் ஒருவருக்கே பின்னின்றவர். வேறெந்தக் கல்லூரியிலேனும் ஆடியிருப்பின், இத்தகைய பட்டியலின் உச்சியிலேயே அமர்ந்திருக்கக்கூடியவர்.