ஒரு பிட் புரண்டால்

வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்த நேரம். பெரியகுளம் தென்கரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் செய்தார். "அண்ணே, சிஸ்டம் ராத்திரியெல்லாம் நல்லா ஓடுது. பகல்ல ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்தா நீலத்திரை வந்து நின்னுபோகுது. மூணு தடவ விண்டோஸ் புதுசாப் போட்டுட்டேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். நீலத்திரை எனக்குப் பழக்கம்தான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அவர் காட்டிய ஒரு போட்டோ. தாலி கட்டும் நேரத்துப் படம். மாப்பிள்ளையின் கை வரைக்கும் நிறம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே கூறைப்புடவை, மணமேடை, அட்சதைத் தட்டு எல்லாமே ஊதாவாக மாறி, ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்து நின்றன. கேமராவின் சின்னத் திரையில் அதே படம் துளிப் பழுதில்லாமல் இருந்தது. கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகும் வழியில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அந்த வழியில் இருப்பது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேம்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். முதலில் இரண்டு ரேம் போட்டிருந்தவர், சீசனுக்காக இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். வேகம் வேண்டுமென்று பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கி 3600-இல் வைத்திருக்கிறார். ப்ராசசரின் வேகத்தையும் ஏற்றியிருக்கிறார். "ரேம் பெட்டியிலேயே 3600-னுதானே அண்ணே போட்டிருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பலருக்கும் இது தெரியாது. டிடிஆர்4 ரேமுக்குப் பொதுத்தரம் வகுத்த உச்ச வேகம் 3200. அதற்கு மேலே பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அது ஓவர்கிளாக், அதாவது அளவுமீறி முடுக்குவதுதான். ரேம் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. உங்கள் ப்ராசசர் தாங்குமா என்பது வேறு விஷயம்.

ரேமோடு பேசும் கட்டுப்பாட்டுப் பகுதி முன்பு மதர்போர்டில் தனியாக இருந்தது. ஏஎம்டி 2003-இலும் இன்டெல் 2008-இலும் அதை ப்ராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. அதனால் ப்ராசசரை முடுக்கினால் அதன் சூடும் மின்னழுத்தமும் ரேம் வேலையையும் தொடும். இரண்டு ரேமைச் சுமப்பதைவிட நான்கைச் சுமப்பது அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அதிகப் பாரம். 3600 என்றால் ஒவ்வொரு கம்பியிலும் வினாடிக்கு 360 கோடி முறை செய்தி போக வேண்டும். ஒன்று பிசகினால் போதும்.

சரி, ராத்திரி ஓடுவது பகலில் ஏன் நிற்கிறது? நம்ம ஊர் நாற்றங்காலை நினைத்துப் பாருங்கள். பாலிதீன் பையில் மா ஒட்டுக்கன்று வரிசையாக நிற்கும். தண்ணீர் ஊற்ற ஊற்ற வற்றும். நாள் தவறாமல் ஊற்ற வேண்டும். ரேமுக்குள்ளும் அப்படித்தான். 1960-களில் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்த முறை இது. ஒவ்வொரு பிட்டும், அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று என்ற ஒவ்வொரு குறியும், ஒரு துளி மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி வினாடிக்குள் எல்லா அறைகளையும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் கன்றுக்கு ஒரு வேளைத் தண்ணீர் இரண்டு வேளையாவதுபோல, 85 டிகிரியைத் தாண்டினால் ரேமுக்கும் 32 மில்லி வினாடிக்கு ஒரு சுற்று நிரப்ப வேண்டும் என்பது விதி. முடுக்கிவிட்ட ரேம் தடுமாற அவ்வளவு சூடு கூடத் தேவையில்லை. தகரக்கூரைக்குக் கீழே, காற்றாடி மட்டும் சுற்றும் அறையில், மத்தியான வேளையே போதும்.

ஒரு பிட் புரண்டால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் 2003 மே 18-ஆம் தேதி தேர்தல். கணினி வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவு ஓட்டு விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் 4096 ஓட்டு கூடுதல். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது படியில் வரும் எண் அது. அதாவது, 13-வது பிட் ஒன்று மட்டும் புரண்டிருக்கிறது. வேறு பிழை அகப்படாததால் விண்வெளியிலிருந்து வந்த கதிராக இருக்கலாம் என்றார்கள். நம் தேவாரம் பக்கம் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்களே, அதற்கு ஒரு கிலோமீட்டர் பாறை கேட்டதும் இந்த விண்கதிர்களைத் தடுக்கத்தான். கதிர் எப்போதோ ஒருமுறை செய்வதை, அளவுமீறி முடுக்கிய ரேம் தினமும் செய்யும். நின்றுபோகும் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குப் பயமில்லை. நிற்காமல், தப்பாக எழுதிக்கொண்டே போகும் கம்ப்யூட்டர்தான் பயம்.

தம்பியின் கம்ப்யூட்டருக்கு வருவோம். முதல் வேலையாக பயாஸில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினேன். ரேமைக் கழற்றி, தங்கநிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, தூள் ஊதி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். பென்டிரைவில் மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமலே ஓடவிட்டேன். ராத்திரி போட்டது மறுநாள் மத்தியானம் வரை ஓடியது. பிழை ஒன்றும் இல்லை. அப்படியானால் ரேம் கெட்டுப்போகவில்லை, வேகம்தான் தப்பு.

பிறகு எக்ஸ்எம்பியை மட்டும் இயக்கினேன்; ப்ராசசரைத் தொடவில்லை. இதில் அவசரப்படக் கூடாது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. மறுபடி மெம்டெஸ்ட் ஓடவிட்டதில், நாற்பதாவது நிமிஷம் திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள் வந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு முகவரியில். ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் சில்லு பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் சிதறி வந்தால் பெரும்பாலும் வேகமோ மின்னழுத்தமோ சூடோதான். இரண்டிரண்டாக மாட்டிச் சோதித்தேன், தாங்கியது. நான்கையும் மாட்டினால் தடுமாறியது. சிலர் இந்த இடத்தில் மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். டிடிஆர்4-க்கு விதித்தது 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி கேட்பது பொதுவாக 1.35. அதற்கு மேலே போய்ச் சம்பாதிக்கும் கருவியைச் சோதனைக்கூடமாக்க எனக்கு மனசு வரவில்லை. 3200-க்கு இறக்கினேன். பகலும் இரவும் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. ப்ராசசரையும் அதன் சொந்த வேகத்திலேயே விட்டுவிட்டோம். ஆல்பம் முடிய நேரம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் "பரவாயில்லை" என்று விடாதீர்கள். இந்த மாதிரி வேலைக்குச் சரியான எண்ணிக்கை பூஜ்யம் மட்டும்தான்.

அந்தக் கல்யாண வீட்டுக்கு யோகம் இருந்தது. கேமரா கார்டை அவர் இன்னும் அழிக்கவில்லை. சோதனை முடிந்த அன்று சாயங்காலமே எல்லாப் படங்களையும் மறுபடி காப்பி செய்தோம். ஊதா விழுந்த படங்கள் பதினொன்றும் திருத்தமாக வந்தன. ஆகவே ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் கம்ப்யூட்டரை முடுக்கிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வேகத்தை ஏற்றிய அன்றைக்கு ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டுங்கள். அது முடிகிறவரை கார்டில் இருப்பதை அழிக்காதீர்கள்.